சிறுத்த இரைப்பையோடு வாழப் பழகுதல்: மொரீஷியஸ் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து, வயிற்றில் ஐந்து சிறு கட்டுகளுடன் காத்ர் போர்னில் உள்ள எங்கள் வீட்டுக்கு நான் திரும்பிய அன்று மாலை, என் மாமியார் முருங்கைக்கீரைச் சாற்றை வடிகட்டி ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூன்று தேக்கரண்டி குடிப்பதற்குள் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. மீதியைப் பார்த்து அவர் கண் கலங்கியதும், அவரை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் நான் விழித்ததும் இன்றும் நினைவில் இருக்கின்றன. அது நடந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இதற்கிடையில் இந்தச் சிகிச்சையை இத்தீவிலேயே செய்துகொண்டவர்களும், சென்னைக்குப் போய்ச் செய்துகொண்டு வந்தவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. அவற்றுக்கு நான் சொல்லிவந்த விடைகளைக் கால வரிசையில் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. உங்கள் அறுவை மருத்துவரும் உணவியல் நிபுணரும் எழுதிக் கொடுத்த தாள் இதிலிருந்து மாறுபட்டால் அந்தத் தாளையே பின்பற்றுங்கள்.

மருத்துவமனையை விட்டு வருமுன்

உங்களுக்கு நடந்தது ஸ்லீவா பைபாஸா என்பதை முதலில் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கு அல்லது அதற்குச் சற்று அதிகமான பகுதி வெட்டி நீக்கப்பட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாய் மட்டும் எஞ்சுகிறது. அதன் கொள்ளளவு ஏறக்குறைய 100 முதல் 150 மில்லிலிட்டர். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் நீக்கப்பட்ட அந்தப் பகுதியில்தான் உண்டாகிறது என்பதால், முதல் சில மாதங்களில் பசியே தெரியாமல் இருப்பது இயல்பு. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலிட்டர் அளவுள்ள ஒரு சிறு பை அமைக்கப்பட்டு, அது சிறுகுடலின் சற்றுக் கீழான பகுதியோடு நேராக இணைக்கப்படுகிறது. உணவின் அளவு குறைவதோடு இரும்பு, கால்சியம், வைட்டமின் பி12 ஆகியவை உடலில் சேர்வதும் இதில் குறைகிறது. பின்னால் வரும் கட்டுப்பாடுகளில் பல இருவருக்கும் பொது. சில பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும்.

எந்த அறுவை, எந்த நாள், என்னென்ன மருந்துகள் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். இந்தியாவில் சிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஓர் இரவு திடீரென வயிறு வலித்து இங்குள்ள அரசு மருத்துவமனைக்குப் போனால், உங்கள் இரைப்பை எப்படி மாற்றப்பட்டிருக்கிறது என்பதை அங்குள்ள மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் அறிய முடியும். ஊர் திரும்பும் விமானப் பயணத்தில் மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நடக்க வேண்டும். கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து முதல் சில வாரங்களில் அதிகம் என்பதால், பயணத்துக்குமுன் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரங்கள்: நீர் ஆகாரம்

இந்த இரண்டு வாரங்களில் உங்களுக்கு இருக்கும் முக்கிய வேலை தண்ணீர் குடிப்பதுதான். சொல்லும்போது எளிதாகத் தோன்றுகிறது. செய்யும்போது நாள் முழுவதும் அதற்கே போய்விடுகிறது. இருமல் மருந்துப் புட்டியோடு வரும் 30 மில்லிலிட்டர் குப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு குப்பி என்று மெல்ல மெல்ல உறிஞ்சினால் மணிக்கு 120 மில்லிலிட்டர். பன்னிரண்டரை மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் ஆகிவிடும். அதற்குமேல் யாரும் உங்களிடம் எதிர்பார்ப்பதில்லை. அறுவைக்குப் பின் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்கிறவர்களில் பலர் உடல் வறண்டு போனதால்தான் சேர்கிறார்கள். போர்ட் லூயிஸ் வெயிலில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவதும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவதும் நீர் போதவில்லை என்பதற்கான அடையாளங்கள்.

முதல் ஓரிரு நாள்கள் தெளிந்த நீர், வடித்த சாறு ஆகியவற்றோடு போகும். பிறகு கொழுப்பு நீக்கிய பால், கடைந்த மோர், நன்றாக வடித்த பருப்புத் தண்ணீர், கோழிச் சாறு, புரத மாவு கலந்த பால் என்று சேர்த்துக்கொள்ளலாம். நம் வீட்டு ரசத்தை, இங்கே பலர் ரசோன் என்று சொல்வதை, மிளகாயும் புளியும் குறைத்து வடிகட்டிக் குடித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. நுரைக்கும் பாட்டில் பானங்களும் பழச்சாறுகளும் வேண்டாம். உறிஞ்சுகுழலும் வேண்டாம், அது காற்றை உள்ளே இழுத்து வலியைக் கூட்டும்.

அறுவை நடந்த அன்றே எழுந்து நடக்கத் தொடங்குங்கள். வீட்டுக்குள்ளேயே நாளுக்கு ஐந்தாறு தடவை பத்து நிமிடம் நடந்தால் போதும். நான்கு முதல் ஆறு வாரங்கள்வரை ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட எதையும் தூக்காதீர்கள். 12 கிலோ எரிவாயு உருளையை மாற்றும் வேலையை வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள்.

உடனே உதவி தேட வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 120க்கு மேல் துடிக்கும் நாடி, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோளில் பரவும் வலி ஆகியவை தையல் கோட்டில் கசிவு ஏற்பட்டிருப்பதைக் காட்டக்கூடும். மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், கறுத்த மலம் ஆகியவற்றையும் இதே பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. 114ஐ அழைத்து சாமு என்ற அவசர மருத்துவ வண்டியை வரவழையுங்கள், அறுவை நடந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஒரு நாளுக்கு மேல் எதைக் குடித்தாலும் வாந்தியானால் அதுவும் அவசரம்தான். வாந்தி நீடித்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்புகளும் மூளையும் பாதிக்கப்படும். அந்தப் பாதிப்பு சில வேளை மீளாமலே போகும்.

மூன்றாம் வாரத்திலிருந்து: மசித்தது, பிறகு மென்மையானது

மூன்றாம், நான்காம் வாரங்களில் கஞ்சிப் பதத்தில் மசித்தவற்றையும், ஐந்தாம், ஆறாம் வாரங்களில் முள்கரண்டியால் அழுத்தினால் நசுங்கக்கூடிய மென்மையான உணவையும் உண்ணலாம். ஏழெட்டு வாரங்களுக்குப் பின் சாதாரண உணவு படிப்படியாக வரும். இந்தத் தீவின் சமையலறை இந்தக் காலத்துக்கு மிக ஏற்றது என்பது என் அனுபவம். குழைய வேகவைத்து மசித்த கறுப்புப் பயறு, வேகவைத்த சௌசௌ, பரங்கிக்காய், ஆவியில் வெந்த மீனை முள் நீக்கி உதிர்த்தது, எண்ணெய் குறைத்த தக்காளி ருகாயில் உடைத்துச் சேர்த்த முட்டை, கெட்டித் தயிர் ஆகிய எல்லாமே சந்தையில் எளிதாகக் கிடைப்பவை. கணவாய், ஊரித் (ஆக்டோபஸ்) போன்ற ரப்பர்ப் பதமுள்ளவற்றை மூன்று மாதங்களுக்காவது தொடாதீர்கள்.

எப்படி உண்பது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் பாட்டிமார் சொன்னதைச் சிறு வயதில் கேட்டுவிட்டு மறந்தவர்கள், இப்போது ஒவ்வொரு கவளத்தையும் இருபது முப்பது முறை மென்று, கூழாக்கி விழுங்கப் பழக வேண்டும். கவளம் என்பதே இனித் தேக்கரண்டி அளவுதான். ஒரு வாய் விழுங்கியபின் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். இருபது நிமிடம் முதல் அரை மணி நேரத்துக்குள் உண்டு முடியுங்கள். அதற்குள் தீராவிட்டால் மீதியை எடுத்து வைத்துவிடுங்கள். உண்ணும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. உண்டபின் அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும்.

வயிறு நிறைந்ததைப் பழைய முறையில் உங்கள் உடல் இனி அறிவிக்காது. சிலருக்கு விக்கல் வரும், சிலருக்கு மூக்கு ஒழுகும், சிலருக்கு நெஞ்சுக்கூட்டின் நடுவில் லேசாக இறுகும். எனக்கு ஒரு பெருமூச்சு வரும். அந்த அடையாளம் எதுவென்று முதல் இரண்டு மாதங்களில் கண்டுபிடித்து, அது வந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பின் எடுக்கும் ஒரே ஒரு வாய்கூட நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். ஏழாம் வாரத்தில் உறவினர் வீட்டுத் திருமணத்தில் பேச்சு சுவாரசியத்தில் இரண்டு வாய் பருப்புச் சோற்றைச் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டு, மண்டபத்தின் பின்புறத்தில் நாற்பது நிமிடம் நுரை நுரையாகக் கக்கிக்கொண்டிருந்தேன். சோறும் ரொட்டியும் பசை போலத் திரண்டு குறுகிய குழாயை அடைப்பவை. பலருக்குச் சோறு ஆறு மாதங்களுக்குப் பிறகும் இடக்கு செய்யும். அது உங்கள் குற்றமல்ல.

தட்டில் எது முதலில்

புரதம் முதலில், காய்கறி இரண்டாவது, சோறும் மாவுப் பண்டமும் இடமிருந்தால் மட்டுமே. நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. போதாவிட்டால் உடல் கொழுப்போடு தசையையும் சேர்த்துக் கரைக்கும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 100 கிராம் மீனில் 20, டின்னில் வரும் தூனா மீனில் 100 கிராமுக்கு 25, வேகவைத்த பருப்பில் 100 கிராமுக்கு 8, ஒரு குவளைப் பாலில் 6 அல்லது 7 கிராம் இருக்கின்றன. சைவ உணவினர் பருப்பை மட்டும் நம்பினால் கணக்கு நேராகாது, ஏனென்றால் அவ்வளவு பருப்பு உள்ளே போக இடமில்லை. பால், தயிர், பன்னீர், சோயா, இவற்றோடு புரத மாவும் முதல் ஆண்டில் தேவைப்படும்.

தெருவோர உணவைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. தால் பூரியை இந்த ஊரில் ஜோடியாகத்தான் தருவார்கள். மூன்று நான்கு மாதங்கள் கழித்து, ஒரு ஜோடியைப் பிரித்து, உள்ளே வைத்த க்ரோ ப்வா மொச்சைக் கறியை முதலில் கரண்டியால் உண்டுவிட்டு, ஒரு பூரியில் பாதியை மென்று பாருங்கள். மீதியை வீட்டில் உள்ளவர்களுக்குக் கொடுத்துவிடலாம். எண்ணெயில் பொரித்த கத்தோ பிமா என்ற மிளகாய்ப் பருப்பு வடையும் சமோசாவும் வேறு வகையில் தொல்லை தருபவை: அவை மொறுமொறுவென்று உடைந்து எளிதாக வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், நிறைவும் தராது. இரண்டாம் ஆண்டுக்குப்பின் எடை திரும்ப ஏறியவர்களிடம் பேசிப் பார்த்தால், அவர்கள் பெரிய சாப்பாடு எதையும் உண்பதில்லை. நாள் முழுவதும் இப்படிக் கொறிக்கிறார்கள்.

சர்க்கரைப் பாகும் பாலும் சப்ஜா விதையும் சேர்ந்த ஆலூடாவை, குறிப்பாகப் பைபாஸ் செய்துகொண்டவர்கள், ஒதுக்கிவிடுங்கள். அடர்ந்த இனிப்பு சிறுகுடலுக்குள் விரைவாகப் பாயும்போது பத்து நிமிடம் முதல் அரை மணி நேரத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு, பேதி ஆகியவை வரும். ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை சட்டென விழுந்து நடுக்கமும் மயக்கமும் வருவதும் உண்டு. மருத்துவர்கள் இதை டம்பிங் என்கிறார்கள். பாயசத்துக்கும் இதே விதிதான்.

வாழ்நாள் மாத்திரைகள்

உடம்பு தேறிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று நானும் மூன்றாம் ஆண்டில் நினைத்தேன். எட்டு மாதங்கள் எதையும் விழுங்கவில்லை. பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு தொடங்கியபோது வெயிலும் களைப்பும் காரணம் என்று எண்ணினேன். பரிசோதனையில் பி12 மிகக் குறைந்திருந்தது. ஊசிகள் போட்டுச் சரியானது, ஆனால் அந்த மரத்துப்போன உணர்வு முழுதாக நீங்கப் பல மாதங்கள் ஆயின. இந்த மாத்திரைகள் சிகிச்சையின் ஒரு பகுதி. தினமும் ஒரு முழுமையான மல்டிவைட்டமின், வைட்டமின் டி, நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் கால்சியம் (சிட்ரேட் வகை எளிதில் சேரும்), இரும்பு, பி12 ஆகியவை வழக்கமான பட்டியல். மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம்வரை தேவைப்படும். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்றை மற்றொன்று தடுக்கும். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள். நாம் விரும்பிக் குடிக்கும் வனில்லாத் தேநீரும் இரும்பு சேர்வதைக் கெடுக்கும். நான் இரும்பு மாத்திரையை இரவு படுக்குமுன் வைத்துக்கொண்டேன், அந்த நேரத்தில் தேநீர் இல்லை.

பழைய மருந்துகளையும் மறுபடி பார்க்க வேண்டும். வயது வந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள தீவு இது. நம்மில் பலர் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுத்துக்கொண்டே அறுவைக்குப் போகிறோம். அறுவைக்குப்பின் சில நாள்களிலேயே சர்க்கரை இறங்கிவிடக்கூடும் என்பதால், பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால் ஆபத்து. வீட்டில் அளந்து, எண்களை எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை வேண்டாம். பைபாஸ் செய்தவர்களுக்கு அவை இணைப்பு இடத்தில் புண்ணை உண்டாக்கும். 2005-06இலும் மீண்டும் 2025இலும் சிக்குன்குனியா பரவிய ஊரில் வாழும் நமக்கு இது பெரிய விஷயம், ஏனெனில் மூட்டு வலி தாங்காமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் அந்த மாத்திரையைத்தான். பாராசிட்டமால் போதும், போதாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். புகைப்பதும் அதே புண்ணை உண்டாக்கும். மதுவைப் பொறுத்தவரை, முன்பு இரண்டு கிளாஸ் ரம்மில் ஏறிய போதை இப்போது ஒன்றுக்கும் குறைவிலேயே விரைவாக ஏறும். முதல் ஆண்டு முழுவதும் தவிர்ப்பதே நல்லது.

விரதமும் விருந்தும்

தைப்பூசக் காவடி இங்கே கோடையின் உச்சத்தில், ஜனவரி அல்லது பிப்ரவரியில் வருகிறது. பத்து நாள் விரதம் இருந்து, ஒரு வேளை மட்டும் உண்டு, வெயிலில் வெறுங்காலோடு காவடி சுமப்பது முதல் ஆண்டில் உங்கள் உடலால் ஆகாத காரியம். அந்த ஆண்டு கூட்டத்தோடு கோவிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். நேர்த்திக்கடனை ஓர் ஆண்டு தள்ளி வைத்தால் முருகன் கோபிக்க மாட்டான் என்று எங்கள் கோவில் குருக்கள் என்னிடம் சொன்ன பிறகே என் மாமியார் அமைதியானார். இரண்டாம் ஆண்டில் மருத்துவரின் ஒப்புதலோடு, ஒரு வேளை என்பதைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துப் பால், தயிர், பருப்பு ஆகியவற்றைச் சேர்த்து விரதம் இருந்தேன். புரட்டாசியில் கோவிந்தன் விரதத்துக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

ஏழு கறி விருந்துதான் உண்மையான சோதனை. வாழை இலையில் உங்களுக்கென்று அன்போடு பரிமாறப்பட்டதை மிச்சம் வைப்பது நம் வழக்கத்தில் அவமதிப்பு. ஆகவே இலை போடும்போதே, பரிமாறுகிறவரிடம், "அத்தை, எனக்கு எல்லாவற்றிலும் ஒரு கரண்டி மட்டும் போடுங்கள், வேண்டுமானால் நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். பருப்பையும் கீரையையும் முதலில் எடுங்கள். பலாக்காய்க் கறி நார் உள்ளது, நன்றாக மெல்லுங்கள். அறுவை செய்துகொண்டதை எல்லோரிடமும் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார்கள். அது உங்கள் விருப்பம். வயிற்றுக்கு மருத்துவர் கட்டுப்பாடு சொல்லியிருக்கிறார் என்ற ஒரு வாக்கியமே போதும், அது உண்மையும்கூட. ஆனால் வீட்டில் சமைப்பவருக்கு மட்டும் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும்.

மாதங்கள் செல்லச் செல்ல

மூன்றாம், நான்காம் வாரத்தில் தராசு முள் அப்படியே நின்றுவிடும். பெரும்பாலோருக்கு நிற்கும்; பிறகு தானாக நகரும். வாரம் ஒரு முறைக்கு மேல் எடை பார்க்காதீர்கள். ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள், சராசரியாகப் பார்த்தால், ஸ்லீவில் மொத்த எடையில் ஏறக்குறைய கால் பங்கும், பைபாஸில் அதைவிடச் சற்று அதிகமும் குறைகிறது. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை பலருக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். வேர் உயிரோடுதான் இருக்கிறது, புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப வளரும். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உண்டாவதும் உண்டு. வலது விலாவுக்குக் கீழே உண்டபின் வரும் வலியை அலட்சியம் செய்யாதீர்கள்.

திருமணமான பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எடை குறையும்போது நின்றிருந்த மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கருத்தரிப்பது நடக்கிறது. 12 முதல் 18 மாதங்கள்வரை கருத்தரிப்பைத் தள்ளிவையுங்கள். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை நம்பகமானதல்ல என்பதால் வேறு வழியை மகளிர் மருத்துவரிடம் கேளுங்கள்.

மனம் சோர்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். துக்கத்திலும் சலிப்பிலும் உணவைத் தேடிப் போய் ஆறுதல் பெற்றவர்களுக்கு அந்தக் கதவு ஒரே நாளில் மூடிவிடுகிறது. நான்காம் மாதத்தில் காரணமில்லாமல் அழுதேன். மாலையில் த்ரூ ஓ செர்ஃப் பள்ளத்தைச் சுற்றி ஒரு தோழியோடு நடக்கத் தொடங்கியது எனக்கு உதவியது. அது போதாதவர்கள் மனநல மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம்.

புயல் காலத்துக்கும் ஆண்டுப் பரிசோதனைக்கும்

நவம்பர் முதல் மே வரை புயல் காலம். மூன்றாம் எண் எச்சரிக்கை வந்துவிட்டால் கடைகள் மூடிவிடும், மின்சாரமும் குழாய் நீரும் நிற்கலாம். மற்றவர்கள் பிஸ்கட்டும் நூடுல்ஸும் வைத்துச் சமாளிப்பார்கள், நம்மால் முடியாது. இரண்டு வாரத்துக்கான மாத்திரைகள், ஒரு டப்பா புரத மாவு, குளிர்சாதனப் பெட்டி தேவைப்படாத பால் பெட்டிகள், தூனா டின்கள், போதிய குடிநீர் ஆகியவற்றைத் தனியே ஒரு பெட்டியில் எடுத்து வையுங்கள்.

மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்: இரத்த அணுக்கள், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு சுரப்பு, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல். அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம் என்பதால், இவற்றில் எவற்றை அங்கே செய்துகொள்ள முடியும் என்று முதலில் கேளுங்கள். மீதியைத் தனியார் ஆய்வகத்தில் செய்யலாம். முடிவுகளை டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரே கோப்பில் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். நான் என் கோப்பின் மேலட்டையில் அடுத்த பரிசோதனையின் தேதியைப் பென்சிலால் எழுதி, சமையலறைக் கதவின் பின்னால் தொங்கவிட்டிருக்கிறேன்.